அச்சுக்கூடம் பாடசாலையாக இருந்த காலம்: கேளாத மாணவர்கள் வேலை பழகிய ஒரு வரலாறு

போன வருஷம் எங்கட பீடத்து ஆண்டு மலர் வேலைக்காக யாழ்ப்பாணத்தில் ஒரு அச்சகத்துக்கு நாலைந்து தரம் அலைய வேண்டி வந்தது. ஓப்செட் மெசின் ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்கிற ஆளோட கதைக்கிறதுக்கும் கத்த வேணும். முதலாளி கத்துவார், நாங்கள் "ஆ? என்ன?" என்போம். ஆனால் மெசினடியில் நின்ற ஒரு அண்ணாவும், தாள் வெட்டுகிற மேசையில் நின்ற கொஞ்சம் வயதான இன்னொருவரும் அந்தச் சத்தத்துக்குள் ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு நின்றார்கள், கையால். இரண்டு பேருக்கும் காது கேளாது. அந்த அறையில் ஒழுங்காகக் கதைக்க முடிந்த ஆக்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

கடைசி நாள் புரூஃப் பார்க்கப் போனபோது, இந்த வேலைக்கு எப்படி வந்தீங்கள் என்று அந்த அண்ணாவிடம் ஒரு துண்டில் எழுதிக் கேட்டேன். அவர் வயதானவரைக் காட்டிவிட்டு எழுதினார்: "இவர் கூட்டி வந்தவர். இவர்தான் பழக்கினது." பள்ளியில் என்ன பழக்கினவை என்று கேட்டேன். "தச்சு வேலை" என்று எழுதிவிட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கு மண்டைக்குள் நின்றுவிட்டது. கேளாத பிள்ளைகளைப் பள்ளியில் இருக்கும்போதே வேலைக்கு ஆயத்தப்படுத்த வேணும் என்று எல்லாரும் சொல்லுகிறோம். அதற்குத் திட்டங்கள், பயிற்சிகள், சான்றிதழ்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் பள்ளியில் பழகின வேலை ஒன்று, சாப்பாடு போடுகிற வேலை இன்னொன்று. இது ஏன் இப்படி? இதைத் தேடி வாசிக்கத் தொடங்கினபோது நான் போய் நின்ற இடம் அமெரிக்கா. காரணம், இந்தக் கேள்வியோட 200 வருஷமாக மல்லுக்கட்டின இடம் அது. அதிலும் ஒரு தொழில் நூறு வருஷத்துக்கு மேலாக அங்கே கேளாதோரைத் தாங்கியிருக்கிறது. அந்தத் தொழில் அச்சுத் தொழில்.

அரைநாள் வகுப்பு, அரைநாள் பட்டறை

1817இல் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் அமெரிக்காவின் முதல் நிரந்தரக் கேளாதோர் பள்ளி திறக்கப்பட்டது. திறந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் தோமஸ் ஹொப்கின்ஸ் கலோடெட், கேட்கும் மனிதர், கிறிஸ்தவப் போதகர். மற்றவர் லோரன் கிளேர், பாரிஸ் கேளாதோர் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த கேளாதவர். கிளேர் கொண்டு வந்த பிரெஞ்சுச் சைகைகளும் அங்கே பிள்ளைகள் தங்களுக்குள் வைத்திருந்த சைகைகளும் கலந்துதான் அமெரிக்கச் சைகைமொழி வளர்ந்தது. எங்களுக்குக் கிட்டவாகச் சொன்னால், இது மானிப்பாயில் அச்சகம் வைத்து உதயதாரகையை அடித்த அமெரிக்க மிஷன்காரர் புறப்பட்டு வந்த அதே நியூ இங்கிலாந்துக் கிறிஸ்தவ உலகம். காலமும் கிட்டத்தட்ட அதே காலம்.

முதல் சில வருஷங்கள் எழுத்து, வாசிப்பு, வேதாகமம் என்று போனது. பிறகு எல்லாரும் கேட்கிற கேள்வி வந்தது. பள்ளி முடித்த பிள்ளை என்ன செய்வது? அந்தக் காலத்தில் ஒரு தொழில் பழக வேணும் என்றால் ஒரு மேஸ்திரியிடம் பிள்ளையை ஒப்படைக்க வேணும். கேளாத பிள்ளையை எடுத்துப் பழக்க மேஸ்திரிமார் தயங்கினார்கள். ஆகவே மேஸ்திரியையே பள்ளிக்குள் கொண்டு வந்தார்கள். 1820களில் ஹார்ட்ஃபோர்டில் தளபாடப் பட்டறையும் சப்பாத்துப் பட்டறையும் வந்துவிட்டன. பிறகு தோன்றிய மாநிலப் பள்ளிகளும் இதையே பின்பற்றின. நாளின் ஒரு பகுதி வகுப்பு, இன்னொரு பகுதி பட்டறை.

இதற்குப் பின்னால் நல்ல எண்ணம் மட்டும் இருந்தது என்று சொல்ல முடியாது. பள்ளிகள் நடந்தது மாநிலத்தின் காசிலும் பணக்காரரின் தருமத்திலும். "இந்தப் பிள்ளைகள் நாளைக்கு உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டார்கள்" என்று காசு தருகிறவர்களுக்குக் காட்ட வேண்டிய தேவை இருந்தது. வரிசையாக நின்று சப்பாத்துத் தைக்கிற பிள்ளைகள் அதற்கு நல்ல காட்சி. இந்தக் காட்சி காட்டுகிற பழக்கம் இன்றைக்கும் போகவில்லை, வருடாந்த விற்பனைக் கண்காட்சிகளில் பார்க்கலாம்.

ஏன் அச்சு?

1849இல் வட கரோலினா மாநிலத்துப் பள்ளியில் மாணவர்களைக் கொண்டு ஒரு பத்திரிகை அடிக்கத் தொடங்கினார்கள். கேளாதோர் பள்ளிப் பத்திரிகைகளில் முதலாவது என்று பொதுவாக இதைத்தான் சொல்வார்கள். அடுத்த ஐம்பது வருஷத்துக்குள் பெரும்பாலான மாநிலப் பள்ளிகளில் அச்சுக்கூடமும் அதிலிருந்து ஒரு பத்திரிகையும் வந்துவிட்டன. இந்தப் பத்திரிகைகளைப் பள்ளிகள் ஒன்றுக்கொன்று தபாலில் அனுப்பிக்கொண்டன. சின்னப் பத்திரிகைக் குடும்பம் என்று இதற்கு ஒரு செல்லப் பெயரும் இருந்தது.

தச்சு, சப்பாத்து, தையல் எல்லாம் இருக்கும்போது அச்சு மட்டும் ஏன் மேலே வந்தது? சத்தமான இடத்தில் காது தேவையில்லை என்பதுதான் எல்லாரும் முதலில் சொல்லுகிற காரணம். அது உண்மை, ஆனால் பாதிக் காரணம்தான்.

மற்றப் பாதியை விளங்க, கையால் அச்சுக்கோர்க்கிற வேலையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சிறு சிறு அறைகளாகப் பிரித்த ஒரு தட்டு முன்னால் இருக்கும். ஒவ்வொரு அறையிலும் ஒரு எழுத்து. இடது கையில் ஒரு சின்ன உலோகத் தாங்கி, வலது கையால் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அதில் அடுக்க வேணும். எழுத்துகள் கண்ணாடியில் தெரிகிற மாதிரித் திரும்பியிருக்கும், வரி தலைகீழாக இருக்கும். அந்த நிலையிலேயே வாசித்துப் பிழை பிடிக்க வேணும். ஒரு சொல்லின் ஒவ்வொரு எழுத்தையும் கையால் தொடாமல் அந்தச் சொல்லைக் கடக்க முடியாது. ஆங்கிலத்தைக் காதால் ஒரு நாளும் கேட்காத பிள்ளைக்கு இதைவிட நல்ல மொழி வகுப்பு வேறு கிடையாது. வகுப்பில் இலக்கணம் படிப்பது பரீட்சைக்கு. பட்டறையில் ஒரு எழுத்து மாறினால் நாளைக்கு வெளியூர்ப் பள்ளியில் இருக்கிறவனும் பார்த்துச் சிரிப்பான்.

இன்னொரு காரணமும் இருந்தது. அச்சடிக்கிறவன் கையில் செய்தி இருந்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் ட்ரென்டன் நகரப் பள்ளியில் 1888இல் தொடங்கிய பத்திரிகைதான் பிறகு 'சைலன்ட் வேர்க்கர்' என்ற பெயரில் அமெரிக்கா முழுக்கக் கேளாதோர் வாசித்த பத்திரிகையாக வளர்ந்தது. 'மௌனத் தொழிலாளி' என்று தமிழில் சொல்லலாம். அந்தப் பள்ளியில் அச்சுத் தொழில் பழக்கியவர் ஜோர்ஜ் போர்ட்டர் என்ற கேளாத ஆசிரியர். மாணவர்கள் அவருக்குக் கீழே எழுத்துக் கோர்த்து, படங்களோடு தரமான ஒரு பத்திரிகையை 1929 வரை வெளியிட்டார்கள். எந்த ஊரில் எந்தக் கேளாதவர் என்ன வேலை செய்கிறார், எந்தக் கம்பனி ஆள் எடுக்கிறது, எந்தச் சட்டம் எங்களுக்கு எதிராக வருகிறது, எல்லாம் அதில் வந்தது. பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் இந்தச் செய்திகளைக் கையால் கோர்த்துக் கோர்த்து, தன்னைப்போல ஆக்கள் உலகத்தில் என்னென்னவெல்லாம் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்கிறான். இன்று தொழில் வழிகாட்டல் என்று நாங்கள் சொல்லுவது அங்கே தனிப் பாடமாக இல்லாமல் வேலைக்குள்ளேயே நடந்தது.

படித்த பிள்ளைகளுக்கு முன்மாதிரியும் இருந்தது. ஹார்ட்ஃபோர்டில் படித்த எட்மண்ட் பூத் அயோவா மாநிலத்தில் ஒரு நகரப் பத்திரிகைக்கே சொந்தக்காரராகவும் ஆசிரியராகவும் ஆனவர். கேட்கிற ஆக்களுக்கான பத்திரிகை அது.

மேல் மாடியில் கையைக் கட்டு, கீழே கையை அவிழ்

1880இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் கேளாதோர் கல்வியாளர்களின் மாநாடு நடந்தது. சைகையைவிட வாய்ப்பேச்சுப் பயிற்சியே மேல் என்று அங்கே தீர்மானம் எடுத்தார்கள். வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் காது கேட்கிறவர்கள். அமெரிக்காவில் இந்த வழிக்குப் பெரிய குரல் கொடுத்தவர் அலெக்சாண்டர் கிரஹாம் பெல், தொலைபேசிக்காரர்தான். அடுத்த தசாப்தங்களில் வகுப்பறைகளில் இருந்து சைகைமொழியை விரட்டினார்கள். உதட்டைப் பார், சொல்லு, திரும்பச் சொல்லு என்று பிள்ளைகளின் காலம் போனது.

பேச்சுப் பழக்கக் கேளாத ஆசிரியரால் முடியாது என்பதால் அவர்களின் வேலையும் போனது. 1870 அளவில் அமெரிக்கக் கேளாதோர் பள்ளி ஆசிரியர்களில் பத்துக்கு நாலு பேர் கேளாதவர்கள். முதலாம் உலக யுத்த காலத்தில் அது ஏழுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. வொஷிங்டனில் 1864 முதல் கேளாதோருக்கான கல்லூரி ஒன்று பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தது, இன்றைய கலோடெட் பல்கலைக்கழகம். அதன் பட்டதாரிகளுக்கு இருந்த முக்கியமான வழி ஆசிரியத் தொழில். அந்தக் கதவு ஒடுங்கத் தொடங்கியது.

ஆனால் பட்டறையை வாய்ப்பேச்சுக்காரர் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அது தாழ்ந்த இடம், கைத்தொழில் இடம். அங்கே கேளாத ஆசிரியர்கள் தொடர்ந்து இருந்தார்கள், சைகையும் தொடர்ந்தது. வகுப்பில் கையைத் தூக்கினால் தண்டனை வாங்குகிற பிள்ளை, பட்டறைக்குப் போனதும் தன் மொழியில் கேள்வி கேட்கலாம். தன்னைப்போலவே கேளாத, குடும்பம் நடத்துகிற, சம்பளம் எடுக்கிற ஒரு வளர்ந்த மனிதரை அந்தப் பிள்ளை நாளாந்தம் பார்த்த இடமும் அதுதான்.

இந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். வேலை பழக்குவது என்றால் கையைப் பழக்குவது என்று நிர்வாகம் நினைத்தது. பிள்ளைகள் அங்கே எடுத்துக்கொண்டது வேறு. "நான் பெரியவனாகினால் இப்படி இருப்பேன்" என்ற ஒரு உருவத்தை எடுத்துக்கொண்டார்கள்.

எல்லாருக்கும் கிடைத்ததா?

இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது புகழ்ப்பாட்டாகிவிடும்.

பெண் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தையல், சமையல், துணி தோய்த்து இஸ்திரி போடுவது. இதில் கனக்க வேலை பள்ளி விடுதியின் சொந்த வேலை. சட்டை தைத்ததும் படுக்கை விரிப்புத் தோய்த்ததும் பயிற்சி என்ற பெயரில் பள்ளிக்குச் சம்பளமில்லாமல் நடந்த உழைப்பு. பையன்களிலும் சப்பாத்துப் பட்டறை, பண்ணை என்று போனவர்களின் கதை இதுதான்.

தென் மாநிலங்களில் கறுப்பினக் கேளாத பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள், அல்லது தனிக் கட்டிடங்கள். காசு குறைவு, கருவி குறைவு. அச்சு மாதிரி நல்ல சம்பளம் தருகிற தொழில்கள் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளுக்குப் போக, இவர்களுக்குச் சலவை, சப்பாத்துத் திருத்தம், தோட்ட வேலை என்று மிஞ்சியது. எந்தப் பிள்ளைக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று காது பார்த்து மட்டும் முடிவெடுக்கவில்லை. நிறத்தையும் பாலையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள்.

பள்ளிக் கதவுக்கு வெளியே

தொழில் தெரிந்தால் போதுமா? போதாது என்று கேளாதோர் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய அரசாங்கம் தன் சேவைக்கான பரீட்சைகளில் கேளாதோர் தோற்ற முடியாது என்று தடை போட்டது. தேசியக் கேளாதோர் சங்கம் ஜோர்ஜ் வெடிட்ஸ் தலைமையில் கடிதம், மனு, பத்திரிகை என்று போராடியது. பள்ளி அச்சுக்கூடங்களின் பத்திரிகைகள் இந்தப் போராட்டத்துக்கு நன்றாக உதவின. 1908 இறுதியில் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் தடையைத் தளர்த்தினார். இதே வெடிட்ஸ்தான் 1913இல் சைகைமொழியைக் காப்பாற்றச் சொல்லி, சைகையிலேயே பேசி ஒரு படச்சுருள் எடுத்தவர். வேலை உரிமையும் மொழி உரிமையும் அவருக்கு ஒரே விஷயம்.

1913இல் மினசோட்டா மாநிலத்தில் கேளாதோரின் கோரிக்கையால் தொழில் திணைக்களத்துக்குள் அவர்களுக்கென்றே ஒரு பிரிவு உருவானது. வேலை தேடுகிறவரையும் ஆள் தேடுகிற முதலாளியையும் சேர்த்து வைப்பதும், முதலாளிமாரின் பயத்தைப் போக்குவதும் அதன் வேலை. பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஒரு பாலம் தேவை என்று சட்டமே ஒத்துக்கொண்ட ஒரு சந்தர்ப்பம் அது.

முதலாம் உலக யுத்தம் வந்தபோது ஒஹாயோ மாநிலத்து ஏக்ரன் நகரத்தில் இருந்த குட்இயர், ஃபயர்ஸ்டோன் டயர்த் தொழிற்சாலைகள் கேளாதோரை நூற்றுக்கணக்கில் எடுத்தன. நாட்டின் பல மூலைகளில் இருந்தும் கேளாதோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். தங்களுக்கென்று ஒரு கால்பந்து அணிகூட வைத்திருந்தார்கள். யுத்தம் முடிந்து 1920இல் வியாபாரம் படுத்ததும் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களோடு இவர்களிலும் கனபேர் வீட்டுக்குப் போனார்கள். ஆள் தட்டுப்பாடு வந்தால் மட்டும் "இவர்களாலும் முடியும்" என்று கண்டுபிடிப்பது முதலாளிமாரின் பழைய பழக்கம்.

அச்சுத் தொழில் இப்படி ஏறி இறங்கவில்லை. அங்கே தொழிற்சங்கம் இருந்ததுதான் காரணம். 1886இல் ஒட்மார் மெர்கந்தாலரின் லைனோடைப் இயந்திரம் நியூயோர்க்கில் ஓடத் தொடங்கியது. 90 விசைகள் கொண்ட பலகை, பக்கத்தில் உருகிய ஈயக் கலவை, விசையைத் தட்டத் தட்ட ஒரு முழு வரியே வார்ப்பாக வந்து விழும். சத்தமும் சூடும் தாங்கவேண்டிய, கவனம் பிசகக்கூடாத வேலை. பள்ளிகளும் இந்த இயந்திரத்தை வாங்கிப் போட்டுப் பழக்கின. பழகி வெளியே வந்தவர் அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் அட்டையை எடுத்துவிட்டால், எந்த நகரத்துக்கும் போய் அந்த அட்டையைக் காட்டி வேலை கேட்கலாம். கேட்கிறவருக்கும் கேளாதவருக்கும் ஒரே சங்கச் சம்பளம். இரக்கச் சம்பளம் இல்லை, அரைச் சம்பளம் இல்லை.

ஒரு பத்திரிகையில் ஒருவர் போய்ச் சேர்ந்தால் தன் பள்ளித் தோழனுக்குச் சொல்லுவார். அவர் வருவார், இன்னொருவரைக் கூட்டி வருவார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் அச்சுக்கோர்ப்புக் கூடத்தில் பல வருஷங்களாக நூற்றுக்கும் மேற்பட்ட கேளாதோர் வேலை செய்திருக்கிறார்கள். அரசாங்க அச்சகத்திலும் கணிசமாக இருந்தார்கள். அந்தக் கூடங்களில் கேட்கிற தொழிலாளரும் விரல் எழுத்துப் பழகிக்கொண்டார்கள். அந்தச் சத்தத்தில் அவர்களுக்கும் அது வசதி. நான் யாழ்ப்பாணத்தில் பார்த்தது புதினமான காட்சி இல்லை என்று அப்போதுதான் விளங்கியது.

ஈயம் குளிர்ந்த கதை

இவ்வளவு பலமான தொழில் பிறகு இருபது வருஷத்துக்குள் இல்லாமல் போனது. 1960களில் படம்பிடித்து எழுத்துக் கோர்க்கிற முறையும் பிறகு கணினியும் வந்தன. 1974இல் நியூயோர்க் டைம்ஸ், டெய்லி நியூஸ் பத்திரிகைகளோடு அச்சுத் தொழிலாளர் சங்கம் ஒரு ஒப்பந்தம் செய்தது. முதலாளி கணினியைக் கொண்டு வரலாம், ஆனால் இருக்கிற நிரந்தரத் தொழிலாளரை ஆயுளுக்கும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. 1978 ஜூலையில் நியூயோர்க் டைம்ஸின் கடைசி ஈய எழுத்து இரவும் முடிந்தது.

இருந்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள், கேளாத தொழிலாளரும்தான். ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு கூட்டம் இருந்தது. அது அப்போது பள்ளியில் லைனோடைப் பழகிக்கொண்டிருந்த பிள்ளைகள். வேலை போகவில்லை, வேலைக்குள் போகிற வாசல் போய்விட்டது. ஒரு தொழிலோடு சேர்ந்து, "வா, நான் பழக்குகிறேன்" என்று கூட்டிப்போகிற வளர்ந்தவர்களின் தொடரும் அறுந்தது.

இதில் பள்ளிகளின் பிழையும் இருக்கிறது. "இது கேளாதோருக்குப் பொருத்தமான தொழில்" என்று ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தால், உலகம் மாறும்போது அந்தப் பட்டியலை மாற்ற யாருக்கும் அவசரம் வராது. சப்பாத்துத் தொழிற்சாலைகள் வந்த பிறகும் கையால் சப்பாத்துத் தைக்கப் பழக்கிய அதே பிழைதான்.

பட்டறையில் இருந்து வெளியே

1965இல் அமெரிக்க அரசாங்கத்துக்குச் சமர்ப்பிக்கப்பட்ட ஒரு அறிக்கை, கேளாதோர் கல்வி சொல்லிக்கொள்ளும்படி வெற்றி பெறவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது. அதே வருஷம் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சன் தேசியக் கேளாதோர் தொழில்நுட்ப நிறுவகத்துக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். அது தனிவளாகமாக இல்லாமல் நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்டரில் ஏற்கெனவே இருந்த ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள் 1968இல் 70 மாணவர்களோடு தொடங்கியது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் 1912 முதலே ஒரு வழக்கம் இருந்தது. மாணவர்கள் சில காலம் படிப்பார்கள், சில காலம் உண்மையான ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை செய்வார்கள், திரும்பி வந்து படிப்பார்கள். கேளாத மாணவர்களும் இதற்குள் வந்தார்கள். ஆய்வுகூடம், வரைபடம், கணினி, கணக்கு என்று அதுவரை பட்டியலில் இல்லாத துறைகளுக்குப் போனார்கள். இதிலும் அச்சுத்துறை ஒன்று இருந்தது, ஆனால் பலவற்றில் ஒன்றாக.

பழைய பட்டறைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பட்டறையில் கேளாத பிள்ளை வேலையைப் பழகும், ஆனால் காது கேட்கிற மேலதிகாரியோடு எப்படிக் கதைப்பது, கூட்டத்தில் விடுபட்டதை எப்படிக் கேட்டு வாங்குவது, பகிடி விளங்காதபோது என்ன செய்வது என்பதைப் பழகாது. வெளியே போய் மூன்று மாதம் நின்றால் இதெல்லாம் பழகும். அதைவிட முக்கியம், எதிர்ப்பக்கமும் பழகும். எழுதிக் காட்டவும், முகத்தைப் பார்த்துக் கதைக்கவும், கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யவும் அந்த நிறுவனம் கற்றுக்கொள்ளும். வேலை அனுபவம் என்றால் மாணவர் மட்டும் அனுபவம் பெறுவது என்று நினைக்கிறோம், முதலாளிக்கும் அனுபவம் வேணும். இது முழு நாட்டுக்கும் சட்டமாக வர 1990 வரை எடுத்தது. அந்த வருஷத்துச் சட்டம்தான் தனியார் நிறுவனங்களும் வேலைத்தளத்தில் நியாயமான வசதிகளைச் செய்து கொடுக்க வேணும் என்று கட்டாயமாக்கியது.

எங்கட பக்கம்

இலங்கையில் முதல் கேளாதோர் பள்ளியை 1912இல் மேரி சாப்மன் என்ற ஆங்கிலேய மிஷன் பெண் தொடங்கினார். இன்று அது இரத்மலானையில் இருக்கிறது. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை பல தலைமுறைகளாக இந்தப் பிள்ளைகளுக்கு வீடாக இருந்து வருகிறது, யுத்த காலத்தையும் தாண்டி. 1988இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை அரச வேலைகளில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. 1996இல் உரிமைச் சட்டமும் வந்தது. ஆக, பள்ளியும் இருக்கிறது, ஒதுக்கீடும் இருக்கிறது. நான் கேட்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றி.

அமெரிக்கக் கதையை அப்படியே எடுத்து இங்கே ஒட்ட முடியாது. அவர்களிடம் இருந்த பெரிய பத்திரிகைகளும் பலமான சங்கங்களும் எங்களிடம் இல்லை. ஆனால் அந்த 200 வருஷத்தில் இருந்து எடுக்கக்கூடிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

முதலாவது, பொருத்தமான தொழில் பட்டியலைக் கிழிக்க வேணும். தையலும் தச்சும் கெட்ட தொழில்கள் இல்லை. ஆனால் பிள்ளை அதை எடுப்பது வேறு, அதைத்தவிர வேறொன்றும் காட்டாமல் விடுவது வேறு. இரண்டாவது, சாதாரணதரம் முடிக்க முதலே அந்தப் பிள்ளைகள் வெளியே ஒரு உண்மையான வேலைத்தளத்தில் சில வாரமாவது நிற்க வேணும், கையில் ஒரு சின்னச் சம்பளத்தோடு. சம்பளம் இல்லாத வேலை அனுபவம், பள்ளிச் சலவை அறையின் இன்னொரு வடிவம்தான். மூன்றாவது, பழக்குகிற இடத்தில் வேலை செய்கிற கேளாத பெரியவர் ஒருவராவது இருக்க வேணும். இதற்குப் பெரிய காசு தேவையில்லை. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் மட்டக்களப்பிலும் வேலை செய்கிற கேளாத ஆக்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்குக் கூப்பிட்டுக் கதிரை போட்டுக் கொடுத்தால் போதும், விருந்தினராக ஒரு நாளைக்கு இல்லை, ஆசிரியராக.

மலர் வந்த பிறகு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு அந்த அச்சகத்துக்குப் போனேன். வயதானவர் முதலில் உள்ளடக்கத்தைப் பார்க்கவில்லை, ஓரம் நேராக வெட்டியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு அதை அண்ணாவிடம் கொடுத்து ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினார். ஒரு பக்கத்தில் மை கொஞ்சம் கூடிப்போயிருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. அண்ணா தலையை ஆட்டிவிட்டு மெசினடிக்குப் போனார். அவரைப் பழக்கின வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அது எந்தத் திட்டத்திலும் இல்லை. அவருக்கு அடுத்ததாக அந்த மெசினடிக்கு வரப்போகிற பிள்ளை இப்போது எந்த வகுப்பில் இருக்கிறது, அதை யார் கூட்டி வரப்போகிறார்கள் என்பதுதான் என்னுடைய கேள்வி.